பூட்டிய கடைக்குள் பேசியவர் யார்?

வலைத்தளங்களில் வரும் பொய்யைப் பிடித்துக் கொடுப்பது என் தொழில். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாட்டிக்கொண்ட நீங்களும் சம்பளமில்லாமல் அதைத்தானே செய்கிறீர்கள்!

அத்தையும் பாலமும்

கட்டுகஸ்தோட்டைப் பாலம் வெள்ளத்தில் உடைந்துவிட்டதாக அத்தை ஒரு படம் அனுப்பினார். எங்கோ எவனோ கணினியில் செய்த படம். அப்போது நான் கண்டிக்குப் போகும் பஸ்ஸில், அதே பாலத்தின் மேல் நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். உடனே போன் போட்டு அதைச் சொன்னேன்.

அத்தை பதறிவிட்டார்: "பாலத்து மேலயா இருக்க? சீக்கிரம் எறங்கு புள்ள, அது ஒடைஞ்சிருச்சாம்!"

வெள்ளிக்கிழமை வீடியோ

கண்டிக்குப் பக்கத்துத் திகனயில் புடவைக்கடை வைத்திருக்கும், நான் அண்ணனாக நினைக்கும் ரிஸ்வான் நானா ஒரு வெள்ளி பின்னேரம் அழைத்தார். "தங்கச்சி, நான் அப்பிடி ஒண்டும் பேசல்ல. புள்ளைகள் பயந்து போயிருக்கு." அவர் புத்த மதத்தை இழிவாகப் பேசுவது போல ஒரு வீடியோ. 'இன்று பகல் ஒரு மணிக்குத் தன் கடையில் பேசியது' என்று குறிப்பு வேறு. ஒரு வதந்தி எதுவரை போகும் என்று, 2018 கலவரத்தில் முஸ்லிம் கடைகள் எரிந்ததைப் பார்த்த திகனக்காரருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

எங்கள் மென்பொருள் 'போலியாக இருக்கலாம்' என்றது. 'இருக்கலாம்' என்று சொல்லி ஒரு கூட்டத்தைத் திருப்பி அனுப்ப முடியுமா? அந்த ஒரு மணிக்கு வெள்ளித் தொழுகையில், பள்ளிவாசலில் அவரைப் பார்த்தவர்கள் நிறையப்பேர். ஆனால் அவர்களும் முஸ்லிம்கள்; கோபத்தில் இருப்பவர்கள் அவர்கள் பேச்சைக் கேட்கமாட்டார்கள்.

நானாவின் கடைக்கு ஓடிப்போய் நின்றபோதுதான் பக்கத்துச் சில்லறைக்கடைச் சிங்களவர் பண்டா முதலாளி குறுக்கே வந்தார். வெள்ளிதோறும் நானா கடையைப் பூட்டி, சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஜும்மாவுக்குப் போவாராம். பொய் செய்தவனுக்கு இந்த வழக்கம் தெரியவில்லை. முதலாளி சாவியைத் தூக்கிக் காட்டிச் சிங்களத்தில் பேசினார். நான் படம் பிடித்துப் போட்டேன். இருட்டுவதற்குள் அது அந்த வீடியோவைவிட வேகமாகப் பரவியது. ஒருவரும் வரவில்லை. அப்பாடா என்று கடைவாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலாளி என்னிடம் தமிழிலும் ஒருமுறை சொன்னார்: "சாவி நம்ம கையில. பூட்டின கடைக்குள்ள பேசினது யாரு, பேயா?"

மறுநாள் வியாபாரம்

போலிக்காரன் நானாவின் பெருநாள் விளம்பரத்திலிருந்துதான் முகத்தை எடுத்திருந்தான். பின்னால் தொங்கிய சாரிகளும் கூடவே வந்துவிட்டன. சனிக்கிழமை கடை திறந்ததும் முதலில் வந்தவர் ஒரு சிங்கள அம்மா. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நானா கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். அந்த அம்மா போனை நீட்டினார்.

"மொதலாளி, இந்தப் பொய் வீடியோவுல பின்னால தொங்குதே நீலச் சாரி, அது இன்னும் இருக்கா?"

பொய்யைப் பிடிக்கப் புதிதாக என்ன கருவி வாங்கலாம் என்று அலுவலகத்தில் கேட்டால், முதலில் சாவியை நம்பிக் கொடுக்க ஒரு பக்கத்துக் கடைக்காரரைத் தேடிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன்.