குழம்பில் போன விதைமொச்சை

முதலாண்டு நினைவு மலரில் கோபம் காட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு ஆகியும் எனக்கு ஆறவில்லை.

எங்கள் அக்கா நாகப்பட்டினத்தில் பிறந்தார். இருபது வயதில் அத்தானோடு கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தார். ஆறே ஆண்டுகளில் அத்தானைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். சிராங்கூன் சாலையில், மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டிற்கு என்னை வரவழைத்து, அச்சுக்கூடத்தில் வேலையும் தேடிக் கொடுத்தார். விதவை என்று அவரைக் கல்யாணத்திற்கு அழைக்காத வீடுகள் இந்தத் தெருவில் உண்டு. மாசி பிறந்தால் அதே வீட்டார் விதை கேட்டு எங்கள் கொல்லைக் கதவைத் தட்டுவார்கள். அந்தக் கை விதை கொடுக்க மட்டும் ஆகும் போலும்! அக்கா ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

வந்த முதல் ஆண்டு ஊர் வழக்கப்படி ஐப்பசியில் விதைத்து, இங்குள்ள அடைமழையில் எல்லாம் அழுகிப் போயிற்றாம். அதன்பின் தை மழை ஓயும்வரை காத்திருப்பார். ஓய்ந்ததும் மண்ணைக் கொத்திக் காயவிட்டு, சாணமும் அடுப்புச் சாம்பலும் கலந்து பாத்தியை உயர்த்திக் கட்டுவார். சமையலறை மூலையில் ஒரு பானை நிறைய விதைமொச்சையைச் சாம்பலில் புரட்டி வைத்திருப்பார். தெரு முழுவதற்கும் அதுதான் விதை.

சென்ற ஆண்டு மார்கழியில் படுத்தவர் எழவில்லை. தையில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, மழ விட்டதும் கொல்லையக் கொத்திப் போடு. பானைய மட்டும் யாரும் தொடாம பாத்துக்க.”

“சரிக்கா” என்றேன். மூன்றாம் நாள் காலமானார்.

பதினாறாம் நாள் சமையலைப் பினாங்கிலிருந்து வந்திருந்த எங்கள் சின்னம்மா ஏற்றுக்கொண்டார். மொச்சைக் குழம்பு. நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டு, “மொச்சை ஏது சின்னம்மா?” என்றேன்.

“மூலைல பானைல கெடந்துச்சே. ஒரே சாம்பலு. நாலு தண்ணி விட்டு அலசுனேன்.”

“அது விதை, சின்னம்மா!”

“அதுக்கு ஏன் கத்துற? கடைல இல்லாத மொச்சையா?”

கடை மொச்சையை வாங்கி ஊன்றினேன். கப்பலில் வந்த பழைய சரக்கு, ஒன்றும் முளைக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். “அக்கா வருசா வருசம் குடுப்பாங்களே, நாங்க எதுக்கு எடுத்து வைக்கணும்?” என்றார்கள். எத்தனை ஆண்டுகள் வாங்கினீர்கள்! ஒரு கொடியையாவது விதைக்கு விடத் தோன்றவில்லையே உங்களுக்கு!

கடைசியாக, யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவரின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவிக்கும் அக்காவுக்கும் பேச்சு இல்லை. அந்த அம்மாளின் கோழி அக்காவின் பாத்தியைக் கிளறியதில் வந்த சண்டை. அப்படியிருந்தும் சாவதற்கு முந்தின மாசியில் அக்கா விதை கொடுத்தனுப்பியிருந்தார். அந்த அம்மாள் பரணிலிருந்து பொட்டலத்தைப் பிரிக்காமலே எடுத்து வந்தார்.

“உங்கட அக்காவோட கோவத்தில விதைக்கேல்லை. எறியவும் மனம் வரேல்லை.”

அன்பாகப் பேசியவர்கள் எல்லாரும் தின்று தீர்த்துவிட்டார்கள். கோபித்தவர் வீட்டில்தான் விதை இருந்தது. வண்டு துளைத்தது போகப் பதினொன்று முளைத்தன. ஒரு காயைக்கூடச் சமைக்காமல் முற்றவிட்டேன்.

அக்காவுக்கு மருந்து கொடுத்த வைத்தியருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், அந்த யாழ்ப்பாணத்து அம்மாளுக்கும் நன்றி. சின்னம்மாவுக்கும் நன்றி. அவர் அறியாமல் செய்தார். காவலுக்கு நின்றவன் நான், இரண்டு முறை வாங்கித் தின்றவனும் நான்.

இம்மலரோடு ஆளுக்கு ஐந்து மொச்சையாகப் பொட்டலம் கட்டித் தந்திருக்கிறேன். மழை விட்டுவிட்டது, கொல்லையைக் கொத்துங்கள். ஒரு கொடியை விதைக்கு விடுங்கள். இதையும் அலசி அடுப்பில் ஏற்றுபவர்கள் என் முகத்தில் விழிக்க வேண்டாம். இனி ஒரே வீட்டை நம்பி அக்காவின் விதை இருக்கக் கூடாது, அதிலும் என் வீட்டை நம்பி இருக்கவே கூடாது.