பெண் பார்க்க வந்த அன்று அடித்த காற்று

நேற்று சாயங்காலம் காற்றில் ஜன்னல் கதவு படீரென்று அடித்துக்கொண்டது. நான் திருவனந்தபுரத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். காற்று கொண்டுபோவதற்கு என்னிடம் இருப்பது கொடியில் காயும் இரண்டு துவாலைகள்தான். ஆனாலும் சாயா கிளாஸை அப்படியே வைத்துவிட்டு வாசல்வரை ஓடி, செருப்பு மாட்டும்போதுதான் எங்கே போகிறேன் என்று யோசித்தேன். வாழை விவசாயி வீட்டில் பிறந்தால் இது லேசில் போகாது போலிருக்கிறது.

உதியன்குளங்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் எங்கள் வயல். நெல்லை விட்டுவிட்டு எல்லோரும் ஏத்தன்வாழைக்கு, அதாவது நேந்திரனுக்கு, மாறியிருந்த காலம் அது. அப்பாவுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதும் ஜன்னலுக்கு வெளியே தென்னை ஓலை எப்படி அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா பாட்டுப்புத்தகத்தால் இடிப்பாள். அவர் மேலே பார்ப்பதைப் போதகர் பக்தி என்று நினைத்திருக்கலாம்.

அக்கா கிரேசியைப் பார்க்கக் காட்டாக்கடையிலிருந்து ஆட்கள் வந்த அன்று, வயல் பக்கம் திரும்பவே கூடாது என்று அம்மா அப்பாவிடம் காலையிலேயே சொல்லிவைத்திருந்தாள். முன்பு வந்த சம்பந்தங்கள் தட்டிப்போன பயம் அவளுக்கு. அப்பா வெள்ளை வேட்டியில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை ஜஸ்டின் ஒர்க்‌ஷாப் மெக்கானிக். கூடவே அவர் அம்மாவும் தாய்மாமாவும். பேச்செல்லாம் மாமாதான். வறுத்த ஏத்தங்காய் உப்பேரியைக் கடித்தபடி அவர் கல்யாணத்தை எந்த மாதம் வைக்கலாம் என்று தொடங்கியபோது, ஓட்டின்மேல் ஏதோ மட்டை விழுந்தது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

ஓணத்துக்கு வெட்டவேண்டிய குலைகள். குலை தள்ளிய வாழை தலைப்பாரத்தில் ஒரு காற்றுக்கே ஒடிந்துவிடும். அக்காவின் கல்யாணமே அந்தக் குலைகளை நம்பித்தான்.

அப்பா "இப்ப வாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினார். அம்மா விருந்தாளிகளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், அவளும் ஓடினாள். பின்னால் நான். அடுக்களைக் கதவருகே பட்டுச்சேலையில் நின்ற அக்கா, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு எல்லோரையும் முந்திப்போனாள்.

மழையும் பிடித்துக்கொண்டது. அக்கா ஒரு வாழையைத் தோளில் தாங்கி நின்றாள். முட்டுக்கொடுக்கிற கம்பு அவள் கைக்கு எட்டவில்லை. அப்போதுதான் ஜஸ்டின் பேண்டைச் சுருட்டிக்கொண்டு வரப்பில் வருவதைப் பார்த்தேன். அவர் கம்பை எடுத்து முட்டுக்கொடுத்தார், தப்பான பக்கத்தில். வந்திருப்பது யார் என்றுகூடப் பார்க்காமல் அப்பா சத்தம் போட்டார்: "எலே, அங்க இல்ல. சாயுத பக்கம் குடு."

பாதி வாழை போயிற்று, பாதி நின்றது. திரும்பி வந்தபோது மாமா கோபத்தோடு காரில் ஏறியிருந்தார். வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு ஓடுகிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்றார். அப்பா தலைகுனிந்து நின்றார். சேறு சொட்டச் சொட்ட அக்காதான் பேசினாள்.

"மாமா, இது போனா எங்களுக்கு வேற ஒண்ணும் இல்ல. அதாக்கும் ஓடினோம்."

ஜஸ்டின் தன் அம்மாவிடம் மெதுவாக, "அம்மே, எனக்கு இவ போதும்" என்றார். அந்த அம்மா முந்தானையால் மகனின் தலையைத் துவட்டிவிட்டார். மாமாவும் பிறகு கல்யாணத்துக்கு வந்தார், முகத்தை மட்டும் தூக்கிவைத்துக்கொண்டு.

சில வருடங்கள் கழித்து வயல் பைபாஸ் சாலைக்குப் போயிற்று. அப்பா சும்மா இருப்பாரா? அக்கா வீட்டுப் பக்கம் யாருடைய நிலத்தையோ பாட்டக் குத்தகைக்கு எடுத்து மரச்சீனிக் கிழங்கு நட்டார். காட்டுப்பன்றி கிண்டிப்போட்டது. வேறு நிலம் பார்த்தார். அங்கேயும் பன்றி. அம்மா போனபிறகு, முட்டுவலியோடு அக்கா வீட்டில் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருக்கிறார்.

போன மாதம் ஜஸ்டின் அத்தான் எங்களை பைபாஸ் வழியாகக் காரில் கூட்டிப்போனார். எல்லா இடமும் ஒன்றுபோலவே இருந்தது. திடீரென்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியில் விரலை வைத்தார்.

"மக்கா, இந்தா, நம்ம வயலு..."

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் வயலைக் கடந்துவிட்டோம்.