வெந்நீரில் மெழுகு வாசனை

மகளுக்கு வாங்கிய கிரேயான் டப்பாவைத் திறந்து, அவளுக்கு முன்னால் நானே மலையை வரைய உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ வருஷம் கழித்து. விரலில் மெழுகு வாசனை ஏறியதும் பழைய வீட்டுத் தோட்டம் வந்து நின்றது.

எண்பத்தொன்பதில் நான் பத்தாம் வகுப்பு. எந்நேரமும் அண்ணாமலையைத்தான் வரைவேன். மேகம் மூடிய மலை, தீபத்தன்று உச்சியில் சுடரோடு நிற்கிற மலை. அப்பா ஒருநாள் எல்லாப் படங்களையும் கிரேயானோடு கேட்டு வாங்கிக்கொண்டார்.

"பரண் மேல பத்திரமா வெச்சிருக்கேன். பரீட்சை முடியட்டும், தரேன்."

நம்பினேன்.

விடியலில் தோட்டத்தில் தேங்காய் மட்டையைத் திணித்து வெந்நீர் பாய்லர் மூட்டுவது அப்பாதான். கணக்குப் பரீட்சை அன்று புகையில் மெழுகு வாசனை அடித்தது. குனிந்து பார்த்தேன். பாதி எரிந்த காகிதத்தில் என் நீல மலை.

"தண்ணி சூடாயிடுச்சி, சீக்கிரம் குளிம்மா" என்றார்.

அந்தத் தண்ணீரில்தான் குளித்துவிட்டுப் போனேன்.

இப்போது மலையடிவாரத்துக்குப் பச்சை தீட்டும்போது கை தானாக ஓடியது. எனக்கே சிரிப்பு வந்தது. நாற்காலியிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார்.

"அடடா, நல்லா போடறியேம்மா! சின்ன வயசுலயே கத்துக்கினு இருக்கலாம் இல்ல?"