மலர் அக்கா எடுக்கச் சொன்ன பெயர்

லண்டன் லூயிஷாம் நிலையத்தில் ரயிலுக்குக் காத்து நின்றபோது அந்தச் செய்தி வந்தது. அழைத்தவர் எங்கள் ஆய்வுக்குழுவின் தலைவர், விம்பிள்டன்காரர், நம்மவர்தான். "தங்கச்சி, மலர் விடியப் போயிட்டா. வருத்தமெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார். நோய் என்று யாரும் சொல்லவில்லையாம்! வேலையை விட்டு அனுப்பிய பிறகு ஒரு தடவையாவது நலம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை.

கலாநிதி வசந்தமலர் நோர்பரியில் வாழ்ந்தவர். எனக்கு மலர் அக்கா. ஒரே அறையில் வேலை செய்தோம். புரதத்தில் ஓர் அமினோ அமிலம் இன்னொன்றாக மாறினால் மருந்து அதை இறுகப் பிடிக்குமா, நழுவிப் போகுமா என்று கணினியில் கணிப்பதுதான் எங்கள் தொழில். நீர் நிறைந்த கற்பனைப் பெட்டி ஒன்றில் புரதத்தை வைத்து, அந்த அமிலத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, மருந்தின் பிடியைச் சொல்லும் கட்டிலா ஆற்றல் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்போம். மாறும் அமிலத்துக்கு மின்னேற்றம் இருந்தால் வந்தது வினை. பெட்டியின் மொத்த ஏற்றமே மாறிவிடும். கணக்கில் அந்தப் பெட்டி எல்லாத் திசையிலும் நகல் நகலாக அடுக்கப்பட்டிருப்பதால், ஒன்றின் ஏற்றம் மற்றதைப் பாதித்து விடையில் பொய் கலந்துவிடும்.

அப்படியொரு விடையை ஒருமுறை வருகைதரு பேராசிரியர் ஒருவர் பெருமையோடு காட்டினார். பெரிய பெட்டியில் கணக்கை ஓட்டிப் பார்க்கும்படி அக்கா பணிவாகக் கேட்டுக்கொண்டார். ஓட்டினார்கள், விடை மாறியது. "பெட்டியைப் பெரிசாக்க மாறுதெண்டால், அது புரதத்தின்ர விடை இல்லையடி, பெட்டியின்ர விடை" என்று வெளியே வந்து என்னிடம் சிரித்தார். அவர் செய்யும்போது, புரதத்தின் எதிர் ஏற்றம் குறையக் குறைய, தூரத்து நீரில் நிற்கும் ஒரு சோடியம் அயனின் நேர் ஏற்றத்தையும் கூடவே குறைத்து வருவார். மொத்தம் அசையாது.

அவ்வளவு கவனித்தும் அந்த வகையில் சில விடைகள் பரிசோதனையோடு ஒத்துவரவில்லை. கட்டுரை எழுதும் நேரம் தலைவர் சொன்னார்: "ஏற்றம் மாறுற கேஸ் எல்லாத்தையும் வரைபடத்திலையிருந்து தூக்குவம். மிச்சப் புள்ளியள் கோட்டிலை வடிவா நிக்குது."

"பிழைச்சதையும் போடுங்கோ. ஏலாதெண்டால் என்ர பேரை எடுங்கோ" என்றார் அக்கா.

எடுத்தார்கள். கொஞ்சம்கூடக் கூசவில்லை. குழுவோடு ஒத்துப்போகாதவர் என்று சொல்லி ஒப்பந்தத்தையும் நீட்டிக்கவில்லை. பிழையை மறைக்க மறுத்தவருக்கு வைத்த பெயரைப் பாருங்கள்! பிறகு வீட்டில் பிள்ளைகளுக்கு இரசாயனம் சொல்லிக்கொடுத்து வந்தார், நோய் கட்டிலில் விழுத்தும்வரை.

இறுதிச் சடங்கில் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். அக்கா தங்கள் குடும்பத்தில் ஒருவராம். வெளிவரப்போகும் அதே கட்டுரையை அவருடைய நினைவுக்குச் சமர்ப்பிக்கப் போகிறாராம். இறங்கி வந்தவரிடம் கேட்டேன்: "தூக்கின புள்ளியளைத் திரும்பப் போட்டாச்சோ?"

"இது அதைக் கதைக்கிற இடமே, தங்கச்சி?"

நான் வாய் திறக்குமுன் அக்காவின் கணவர் எழுந்தார். பேருந்து ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். "அவவின்ர பேரைப் போடாதேங்கோ, அண்ணை. அவ எடுக்கச் சொன்னவ" என்றார். தலைவர் தன் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

மலர் அக்கா, அந்தக் கட்டுரையில் மூன்றாவதாக என் பெயர் இருந்தது. அதையும் எடுக்கச் சொல்லி இன்று காலை எழுதிவிட்டேன். நீங்கள் போய் வாங்கோ.