ஜோனத்தனின் நெஞ்சு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆள் குறைத்து வெரோனிக்காவை நிறுத்தியபோது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. "பொம்பளைங்களுக்கு உடுத்திவிட ஒரு பொம்பள வேணும்லா" என்று, டத்தோ கிராமாட்டில் சவப்பெட்டிக் கடை வைத்திருந்த சூசை அண்ணன் கேட்டார். வேறு வேலை கிடைக்கும் வரை என்றுதான் போனாள். நாளடைவில் ஆணோ பெண்ணோ, யார் வந்தாலும் அவள் கைதான் என்றாகிவிட்டது. பிரேதத்தைக் குளிப்பாட்டும்போதும், "கைய கொஞ்சம் தூக்கறேன் தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் தூக்குவாள்.

பிரேதப் பரிசோதனை முடிந்து ஜோனத்தனைக் கொண்டுவந்த காலையில், அவன் மனைவி லினெட்டும் கூடவே உள்ளே வந்துவிட்டாள். முந்தின நாள் ஜெலுத்தோங் சாலையில் திரும்பிய லோரி ஒன்று அவன் மோட்டார் சைக்கிளை இடித்திருந்தது.

"முகத்துல ஒரு கீறல்கூட இல்லியே அக்கா. எப்படிச் செத்தாரு?"

வழக்கமாக "கடவுள் சித்தம்மா" என்று முடித்துக்கொள்ளும் வெரோனிக்கா, அன்று உள்ளதைச் சொன்னாள்.

"ஹெல்மெட் தலைய காப்பாத்திருச்சும்மா. அடியெல்லாம் நெஞ்சுலயும் வயித்துலயும். எலும்பு உடைஞ்சு, ஈரல் கிழிஞ்சு, ரத்தம் உள்ளுக்குள்ளயே போயிருச்சு."

லினெட் அழவில்லை. "நெஞ்சுல சாஞ்சுக்கலாமாக்கா? தினமும் அப்படித்தான் தூங்குவேன்."

மார்பு ஒரு பக்கம் அமுங்கிக் கிடந்தது. வெரோனிக்கா தயங்கினாள். "டவல் சுருட்டி வச்சு நிரவிடுவேன்மா. ஆனா சாஞ்சா வித்தியாசம் தெரியும்."

"யாரோட டவல்?"

"கடையோடது."

"வேணாம்க்கா. இருங்க, வந்துடறேன்."

வீட்டுக்குப் போய்த் திரும்பியவள் கையில் அவன் கட்டும் கைலிகளும் அவளுடைய பழைய நைட்டியும் இருந்தன. துவைக்காதவை. இருவரும் ஆளுக்கொரு புறம் நின்று, அவற்றை மடித்து அமுங்கிய இடத்தில் வைத்துப் பார்த்தார்கள், எடுத்து மறுபடி மடித்தார்கள். "இவ்ளோ குண்டு இல்லக்கா அவரு" என்று ஒரு கைலியை உருவியபோது லினெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. வெரோனிக்கா அவளை அழவிட்டு, சட்டைப் பொத்தான்களைப் போட்டாள்.

அவன் நெஞ்சில் சாய்ந்த லினெட் நெடுநேரம் எழவில்லை. தேவாலயத்துக்கு எடுத்துப் போகும் முன் ஜோனத்தனின் தாயும் வந்து அந்த மார்பில் விழுந்து அழுதார். தடவித் தடவி அழுதார். கைக்கு வித்தியாசம் எதுவும் தட்டுப்படவில்லை.

அப்படி அடிபட்டு வருகிறவர்களின் வீட்டாரிடம் வெரோனிக்கா இப்போது வீட்டில் புழங்கிய ஒரு துணி கேட்டு வாங்குகிறாள். காற்பந்துச் சட்டை தந்தவர்கள் உண்டு. ஒருவர் ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. வாங்கி, மடித்து, வைத்தாள்.