தாய்மாமன் மாடியில் இருக்கிறார்

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். காரணம் வறுமை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையான காரணம் வாய்ப்பாடு. ஆனாலும் கைப்பேசியில் எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரியும். பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் மூடு, நடுவில் வட்டம் சுற்றினால் தலையெழுத்து. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ வரிசை நகரும்வரை தாயம் ஆடுவேன். எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் நாலு பேர், நாலு நிறக் காய்கள். யார் காய் முதலில் வீடு போய்ச் சேருகிறதோ அவர் ஜெயித்தார்.

அதில் ஒரு போட்டி வைத்தார்கள். தொடர்ந்து ஏழு நாள் ஜெயித்தால் பெயருக்கு மேலே தங்கக் கிரீடம் வரும். தொட முடியாது, விற்க முடியாது, தலையில் வைக்கவும் முடியாது. அதற்காக ஆறு நாள் சரியாகச் சாப்பிடாமல் ஜெயித்திருந்தேன். ஏழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் அக்கா மகளுக்குக் காது குத்து. வேண்டுதல் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் அவளுக்கு அஞ்சு வயது ஆகியிருந்தது.

அக்கா வாழ்க்கைப்பட்டது சதுரங்கப்பட்டினத்துக்கு உள்பக்கம், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒரு ஊர். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழந்தைக்கு மொட்டை போடும்போதும் என் மடிதான் கேட்டார்கள். நான் கோயில் வாசலில், ஆட்டோவுக்குள், ஒரே ஒரு ஆறு விழுவதற்காகக் காத்திருந்தேன். உள்ளே போனபோது குழந்தை மொட்டைத் தலையோடு பெரியப்பா மகன் மடியில் உட்கார்ந்திருந்தது. அவர் என்னைவிட மூத்தவர், கைக்கடிகாரம் கட்டி அதைப் பார்க்கவும் செய்கிறவர். அக்கா என்னோடு அஞ்சு மாதம் பேசவில்லை. காது குத்துக்கு அழைக்க வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"இந்த தபா மணையில நீ இல்லன்னா, அண்ணன் மடியிலயே ஒக்கார வச்சிருவேன். அதுக்கப்புறம் என் பொண்ணுக்கு மாமன் அவுருதான். மஞ்ச தண்ணி, கல்யாணம் எதுக்கும் நீ வர வேணாம். ஆட்டோவுல ஆள் ஏத்திகினு அங்கியே கெட."

அதனால் முதல் நாளே போய் இறங்கிவிட்டேன். தெருமுனையில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். அதில் நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கும்பிட்டபடி சிரிக்கிறேன். கீழே 'தாய்மாமன்' என்று போட்டிருப்பதாகப் படித்துச் சொன்னார்கள்.

முகூர்த்தம் பத்தரைக்குள். ஒன்பதே முக்காலுக்கு என் கை அரித்தது. கீழே டவர் ஒரு கோடுதான் வந்தது, வட்டம் சுற்றியது. அக்கா வீட்டு மாடிக்குப் படி கிடையாது, சாத்தி வைத்த மூங்கில் ஏணிதான். ஏறினால் மூன்று கோடு. ஒரே ஆட்டம், கால் மணி நேரம், கிரீடத்தோடு இறங்கிவிடலாம் என்று ஏறினேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தேன். மூன்று காய் வீடு சேர்ந்து, நாலாவதுக்கு இன்னும் நாலே கட்டம் இருக்கும்போது மணி பத்து ஐந்து. இறங்கி வருவதற்குள் இரண்டு உருட்டு உருட்டிவிடலாம் என்று எழுந்து வந்து காலைக் கீழே விட்டேன். கால் காற்றில் தொங்கியது.

ஏணி தெருமுனையில் நின்றது, என் ஃப்ளெக்ஸுக்குப் பக்கத்தில். பந்தல்காரர்கள் அதன் உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியிருந்தார்கள். அந்த ஸ்பீக்கர் ஊருக்கே பாடிக்கொண்டிருந்தது. நான் கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. துண்டை எடுத்துச் சுழற்றினேன். தலைக்கு மேல் பந்தல் கீற்று இருக்கும்போது மாடியை யார் பார்ப்பார்கள். பின்பக்கம் ஒரு முருங்கை மரம் இருந்தது. அதன் கிளை காக்கா உட்கார்ந்தாலே ஆடியது, நான் காக்காவைவிடக் கொஞ்சம் கனம். கொடியில் காய்ந்த புடவையை எட்டிப் பார்த்தேன். நடு வழியில் தொங்கிக்கொண்டு எல்லோருக்கும் காட்சி தருவதா என்று விட்டுவிட்டேன். மாடியை மூன்று முறை சுற்றி வந்தேன். மூன்று முறையும் அது அதே மாடியாகவே இருந்தது. நடுவில் என் முறை வந்தபோதெல்லாம் உருட்டினேன், அஞ்சாகவே விழுந்து காய் நகரவில்லை. தரை சுட்டது. செருப்பு கீழே, ஏணி இருந்த இடத்தில் ஒழுங்காகக் கழற்றி விடப்பட்டிருந்தது. தெருமுனையில் நான் சிரித்துக்கொண்டே வந்தவர்களையெல்லாம் வரவேற்றுக்கொண்டிருந்தேன்.

அக்கா வீட்டுக்காரருக்கு போன் அடித்தேன். அவர் சமையல் பக்கம் இருந்தார், அவர் போன் எனக்கு நேர் கீழே அறையில் சார்ஜில் தொங்கியது. இரண்டு பாட்டுக்கு நடுவில் அது என் காலடியில் மணி அடிப்பது கேட்டது. அக்காவுக்கு அடித்தேன். கட் ஆனது. மறுபடி அடித்தேன். மறுபடி கட். மூன்றாவது தடவைதான் புரிந்தது. அக்கா போன் குழந்தையிடம் இருந்தது. அழாமல் இருக்கக் கொடுத்திருப்பார்கள், அவள் தாயம் ஆடிக்கொண்டிருப்பாள். ஆட்டத்துக்கு நடுவில் யார் கூப்பிட்டாலும் சிவப்பை அழுத்த வேண்டும் என்று, அக்கா அழைக்க வந்த அன்று அவளுக்குப் பாடம் எடுத்தவன் நான்தான்.

"அம்மா கூப்ட்டாலுமா மாமா?" என்று அப்போது கேட்டாள்.

"மாமனே கூப்ட்டாலும்" என்றேன். எவ்வளவு நல்ல வாத்தியார்.

ஒரே வழிதான் இருந்தது. ஆட்டத்துக்குள்ளேயே அவளைக் கூப்பிட்டால் மைக் வழியாகப் பேசலாம். ஆனால் அவளைக் கூப்பிட என் ஆட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். வந்தால் தோற்றவன் ஆவேன், ஆறு நாளும் போகும். யோசிக்காமல் வந்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசித்தேன். நாலு விழட்டும் என்று ஒரு தடவை உருட்டியும் பார்த்தேன். ரெண்டு விழுந்தது. இன்னொரு உருட்டுக்கு மற்ற மூன்று பேரும் ஆடி முடிக்க வேண்டும். பந்தலின் பக்கவாட்டு இடைவெளியில் பெரியப்பா மகன் சட்டையைக் கழற்றித் துண்டைக் கட்டுவது தெரிந்தது. சிவப்பை அழுத்தினேன்.

அழைப்பு அனுப்பினேன். வட்டம் சுற்றியது. கடைசியில் அவள் குரல் வந்தது.

"மாமா, நீ பச்ச காயா?"

"கண்ணு, நான் மாடியில மாட்டிகினேன். ஏணி இல்ல. அம்மாவ கூப்டு."

"தெரியும். நீ ஏறுனத பாத்தேன்."

"அப்ப சொல்ல வேண்டிதான?"

"நீ வரலன்னா காது குத்த மாட்டாங்க இல்ல? அங்கியே இரு மாமா."

பெரிய மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிடுவார்கள் என்று சொன்னேன்.

"அவுரு மடியில ஒக்கார மாட்டேன்னு அழுதுகினு கீறேன்" என்றாள், அழாத குரலில். "நீ உருட்டு, உன் ஆட்டம்."

உருட்டினேன். உருட்டாவிட்டால் ஆட்டம் அறுந்துபோகும், பேச்சும் அறுந்துபோகும். கெஞ்சிக்கொண்டே உருட்டினேன். முதல் உருட்டே ஆறு. வாழ்க்கையில் எனக்கு ஆறு வேண்டாத நேரம் அது ஒன்றுதான். அதற்குள் மைக்கில் இழுபறிச் சத்தம். யாரோ போனைப் பிடுங்கினார்கள்.

அக்காதான். "இன்னைக்குமாடா?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"அக்கா, மாடியில கீறேன். ஏணிய எடுத்துட்டாங்க."

போனைக் காதில் வைத்தபடியே பந்தலை விட்டு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்த்த பக்கம் பந்தலே வந்து பார்த்தது. யாரோ பாட்டை நிறுத்தினார்கள். ஃப்ளெக்ஸில் இருப்பது மாதிரியே கும்பிட்டேன்.

"இன்னாத்துக்கு ஏறுன?"

பொய் ஒன்று தயாராக இருந்தது. ஆனால் போன் என் கையில் இருந்தது. "டவருக்கு" என்றேன்.

கைக்கடிகாரக்காரர் இன்னும் எட்டு நிமிஷம்தான் என்று உள்ளேயிருந்து சொன்னார். துண்டோடு மணையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"எழுந்துக்க அண்ணா. என் பொண்ணுக்கு மாமன்னு ஒண்ணுதான் கீது. அதுவும் கொரங்காட்டம் மேல குந்திகினு கீது. எறக்குங்க அத."

ஸ்பீக்கரை அவிழ்க்க நேரமில்லை. குழாயோடு சேர்த்தே ஏணியைத் தூக்கி வந்து சாத்தினார்கள். நான் அந்தக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

மணையில் உட்கார்ந்ததும் குழந்தையை மடியில் வைத்தார்கள். காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். அவள் கை இரண்டையும் பிடித்துக்கொள்வது என் வேலை. ஆசாரி முதல் காதைக் குத்தும்போது அலறினாள். இரண்டாவது காதுக்கு என் கட்டைவிரலைக் கடித்தாள். கையை எடுக்க முடியாது, எடுத்தால் ஊசி தவறிவிடும். காலையிலிருந்து நான் உருப்படியாக மாட்டிக்கொண்டது அந்த ஒரு இடத்தில்தான். அக்கா என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அஞ்சு மாதத்துக்குச் சேர்த்து.

கண்ணீர் காய்ந்ததும் குழந்தை போனைக் கேட்டு வாங்கினாள். ஆட்டத்துக்குள் போய் என் படத்தைத் தேடிப் பிடித்தாள். அதன் பக்கத்தில் இருந்த சிவப்பை அழுத்தினாள்.

"இன்னா பண்ண?" என்றேன்.

"உன்ன மூடிட்டேன்" என்றாள்.

காது ஆறிவிட்டது. அவள் இன்னும் என்னைத் திறக்கவில்லை.