பெட்டிக்குள் இன்னொரு பெட்டி

அக்கா பேசப்போகிறாள் என்ற செய்தி அமெரிக்காவிலிருந்து ஒரு தபால் உறையில் வந்தது. அப்போது அவளுக்குப் பதினாலு வயது, எனக்கு ஒன்பது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு நடக்கவும் வராது, பேசவும் வராது. இடது கை மட்டும் சொன்னபடி கேட்கும். நாம் சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்கும். பதில்தான் வெளியே வராது.

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அங்கே இப்படிப்பட்ட பிள்ளைகள் படிக்கிற பள்ளியொன்றில் நர்ஸ். அந்தப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வழியாகப் பேசுகிறார்களாம். திரையில் படங்கள் வரிசையாக நிற்கும். வெளிச்சம் ஒவ்வொரு படமாக நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய படத்துக்கு வெளிச்சம் வரும்போது ஒரு தட்டு தட்டினால் போதும், கம்ப்யூட்டர் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லும். அந்த சாஃப்ட்வேர் இருந்த சிடியைத்தான் அத்தை அனுப்பியிருந்தார்.

எங்களுக்கு என்ன கவலை? அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பாறசாலையில் கம்ப்யூட்டர் சென்டர் அல்லவா வைத்திருந்தார். மூன்று கம்ப்யூட்டர்கள், மூன்றுக்கும் துணி உறை. ஆலயத்துக்கு அடுத்தபடியாக நான் குரலைத் தாழ்த்திப் பேசிய இடம் அதுதான்.

மாமா சிடியைப் போட்டார். கம்ப்யூட்டர் உர்ரென்று கொஞ்ச நேரம் தேடிவிட்டு, அப்படி ஒன்று உள்ளே இல்லவே இல்லை என்றது. சட்டை நுனியால் துடைத்துப் போட்டார். ஜெபித்துவிட்டுப் போடச் சொன்னாள் அம்மா, அப்படியும் போட்டார். அத்தைக்குக் கடிதம் எழுதிப் பதில் வந்த பிறகுதான், அந்தப் பள்ளியில் இருப்பது வேறு வகைக் கம்ப்யூட்டர் என்று தெரிந்தது.

"எக்கா, இது அந்தக் கம்ப்யூட்டருக்குன்னே செஞ்சதாக்கும். நம்ம கம்ப்யூட்டருக்கு இதுக்க பாஷை தெரியாது" என்றார் மாமா அம்மாவிடம்.

"அதுக்கென்னலே? நாம வீட்டுல தமிழ் பேசுதோம், ரேஷன் கடையில மலையாளம் பேசுதோம். ரெண்டு அடி போட்டு அதுக்கும் படிச்சுக் குடு."

மாமா சிரித்தார். ஆனால் விடவில்லை. திருவனந்தபுரத்துக்கு அலைந்து, இரண்டு மாதம் கழித்து ஒரு பிளாப்பியோடு வந்தார். அதிலிருந்த புரோகிராம், நம் கம்ப்யூட்டருக்குள் அந்த வேறு கம்ப்யூட்டரைப் போல நடிக்குமாம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு இன்றுவரை விளங்கியது இவ்வளவுதான்: அத்தையின் சாஃப்ட்வேர் தன் சொந்த வீட்டில் இருப்பதாக நம்பிக்கொண்டு வேலை செய்யும். அது சொல்வதையும் நாம் சொல்வதையும் நடுவில் ஒன்று மாற்றி மாற்றிச் சொல்வதால் எல்லாம் கொஞ்சம் பிந்தி நடக்கும். இதில் தப்பிருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

படங்கள் வந்தன. சத்தம் வரவில்லை. மாமா ஒயரை மாற்றினார், ஸ்பீக்கரை மாற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் அம்மா சபையில் சாட்சி சொல்லிவிட்டாள். நடந்த அற்புதத்துக்குத்தான் எல்லோரும் சாட்சி சொல்வார்கள்; அம்மாவுக்குப் பொறுமையில்லை. மகள் பேசப்போகிறாள் என்று ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சொன்ன பிறகு, அக்கா பேசாமல் இருக்க வழியில்லை. அடுத்த சனிக்கிழமை மாதர் சங்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர், கையில் பாட்டுப்புத்தகத்தோடு சென்டர் வாசலில் வந்து நின்றார்கள்.

"எதுக்குலே செருப்பக் களத்தச் சொல்லுத? உள்ள பிஷப்பா இருக்காரு?" என்று அவர்களில் ஒருவர் மாமாவைக் கேட்டார்.

மாமா என்னைத் தனியே இழுத்துப் போனார். "மக்கா, நீ அவளுக்க பக்கத்துல இரி. வெளிச்சம் எந்தப் படத்துல நிக்குதோ, அதச் சத்தமாச் சொல்லு. சொந்தமா ஒண்ணும் சேக்கப்பிடாது, கேட்டியா? நீயாக்கும் இனி ஸ்பீக்கர்."

நான் தப்பாகச் சொல்லிவிட்டால்? திரையில் நிற்கிற வரிசைப்படி ஒவ்வொரு படத்துக்கும் என்ன சொல்ல வேண்டும் என்று மாமா சொல்லித்தந்ததை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். தம்ளர் என்றால் தாகம். தட்டு என்றால் பசி. முகம் சுளித்த பையன் என்றால் வலி. வாய் திறந்த பெண் என்றால் பாட்டு.

கீபோர்டில் ஒரு மரத்துண்டை மாமா ஒட்டியிருந்தார். அக்கா முதல் தடவை அதைத் தட்டியபோது வெளிச்சம் சோற்றுத் தட்டில் நின்றது. "பசிக்கு" என்றேன். அம்மா அழுதேவிட்டாள். பையிலிருந்து மட்டிப்பழத்தை எடுத்து உரித்து ஊட்டினாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பிள்ளைக்கு நாணம்" என்றார் ஒரு பெண்.

அதற்கடுத்த சனிக்கிழமைகளிலும் போனோம். அக்கா ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கினாள். வெளிச்சம் நின்றது வாய் திறந்த பெண்ணிடம். "பாட்டு" என்றேன்.

"பாத்தியளா, பிள்ளைக்க விசுவாசத்த!" என்று சொல்லிவிட்டு மாதர் சங்கம் பாடியது. அவள் மறுபடி தட்டினாள். மறுபடி பாடினார்கள். அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அதைப் பார்த்து அவர்களும் அழுதுகொண்டே பாடினார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை நான் ஒன்றைக் கண்டேன். அவள் கை மரத்துண்டில் விழும்போது வெளிச்சம் முகம் சுளித்த பையனிடம்தான் இருந்தது. கம்ப்யூட்டர் அந்தத் தட்டலை வாங்கிக்கொள்வதற்குள் வெளிச்சம் அடுத்த படத்துக்குத் தாவிவிட்டது. ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். அப்படியானால் முதல் நாள் அவள் கேட்டதும் பழம் இல்லை, தண்ணீர்.

சொல்லியிருக்கலாம். மாமா என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றார். ஆனால் சொந்தமாக ஒன்றும் சேர்க்கக்கூடாது என்றாரே, சேர்த்தால் ஏசுவாரே, அம்மாவின் சாட்சி பொய்யாகிவிடுமே, இந்தப் பெண்கள் எழுந்து போய்விடுவார்களே. அக்கா என்னைப் பார்த்தாள். நான் "பாட்டு" என்றேன். பிறகு எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினேன்.

அந்த வாரம் அவளுக்குக் கன்னம் வீங்கிக் காய்ச்சல் கண்டது. நெய்யாற்றின்கரையில் பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிச் சீழை எடுத்தார். இத்தனை நாள் இந்த வலியை எப்படிப் பொறுத்தாள், பிள்ளை ஒன்றுமே சொல்லவில்லையா என்று மலையாளத்தில் கேட்டார். ஆஸ்பத்திரியில் எப்போதும் மலையாளத்தில் பேசும் அம்மா தமிழிலேயே சொன்னாள்:

"அவ பாட்டுல்லா கேட்டா, டாக்டரே."

நான் அக்காவின் துண்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து மாமா எப்படியோ சத்தத்தை வரவழைத்துவிட்டார். வெளிச்சம் நகரும் வேகத்தையும் குறைத்திருந்தார். மாதர் சங்கத்துக்குச் சொல்லாமல் அம்மா எங்களை மட்டும் அழைத்துப் போனாள். மாமா ஒரு தட்டு தட்டிக் காட்டினார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரியின் குரல் தெளிவாக, அழகாகப் பேசியது.

"இனி ஒண்ணும் தப்பாது. தட்டு மக்கா" என்று அக்காவின் கையைப் பிடித்து மரத்துண்டில் வைத்தார்.

வெளிச்சம் எத்தனையோ சுற்று வந்தது. அவள் தட்டவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் இருந்தாள், ஒருநாளும் எதையும் தட்டவில்லை. அன்று அவள் திரையைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக்காரியின் குரல் அவளுக்குப் பிடிக்கவில்லைபோல என்று நினைத்தேன். என் வேலை முடிந்துவிட்டது, இனி நான் யாருக்காகவும் வாய் திறக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி மட்டும்தான் அப்போது எனக்கு இருந்தது.